பெயர் வராது

பன்னிரண்டு கணினிகளை வேனில் ஏற்றித்
தம்பெரேயிலிருந்து கிளம்பினோம்.
பின்னால் வடங்கள்
ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டே வந்தன.
பிப்ரவரி. தொண்ணூற்று நான்கு.
ஆறு முழுக்க உறைந்திருந்தது,
காகித ஆலையின் வெந்நீர் விழும் இடம் தவிர.

உணவுக்கூடத்தைத்தான் ஒதுக்கியிருந்தார்கள்.
வியாழன். பட்டாணிச் சூப்பின் வாசம்
மேசைகளை விட்டுப் போகவில்லை.
லாடம்போல் வளைத்துப் போட்டு
வாய்ப்பக்கம் திரையை நிறுத்தி
எங்கும் சொல்வதையே சொன்னேன்:
எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதலாம்,
பெரிய குரல் சின்னக் குரல் கிடையாது,
பெயர் வராது.

ஹெல்சிங்கியிலிருந்து வந்த இயக்குநர் லிண்ட்குவிஸ்ட்
கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு
மற்றவர்களைப்போல் ஒரு கணினி முன் உட்கார்ந்தார்.
அது என் யோசனை.
பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் இயந்திரமா, ஐந்தாம் இயந்திரமா,
எதை நிறுத்துவது?
கேள்வியை ஏற்றினேன்.
சூடான சட்டியில் நெல் பொரிவதுபோல்
விசைகள் பொரிந்தன.
வரிகள் ஏற ஏற
ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நின்றது.
அதற்குத்தானே இந்த ஏற்பாடு.

பிறகு பொரிந்து அடங்கியது.
காப்பிக் குவளைகளைக் கையிலெடுத்தார்கள்.

டக்.

கடைசி மணி பிந்தி வெடிப்பதுபோல்,

டக்.

யாரும் திரும்பவில்லை.
உர்போ கெத்துனென், இரவுப்பணி மேற்பார்வையாளர்.
வலக்கையின் மூன்று விரல்களை
எழுபத்தெட்டில் மூன்றாம் இயந்திரத்தின்
உலர்த்தும் உருளை எடுத்துக்கொண்டது.
இடக்கையால் தாளை அழுத்திப் பிடித்தபடி
மிச்சமிருந்த சுட்டுவிரலால்
எழுத்தைத் தேடித் தேடி.

திரையில் ஒரு வரி விழுந்தது:
'இலையுதிர் காலத்திலிருந்தே மூன்றின் ஆர்டர்களை
ஐந்தின் கணக்கில் எழுதுகிறார்கள்.'

விரல் நிற்கவில்லை.
இன்னொரு வரி வந்துகொண்டிருந்தது. டக்.
லிண்ட்குவிஸ்ட் தலை தூக்கினார்.
திரையை அல்ல,
சத்தம் வரும் திசையை.

ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள்.
மற்ற கைகள் சும்மா இருந்தால்
ஒரு விரலே போதும்.

சம்பளப் பிரிவு ஓர்வொக்கி
குவளையைக் கீழே வைத்தாள்.
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
தட்டத் தொடங்கினாள்,
இருபது ஆண்டுத் தட்டச்சின் முழு வேகத்தில்.
அடுத்து சோதனைக்கூடத்து ராய்லி.
அப்புறம் யார் முதலில் என்று தெரியவில்லை,
பத்துப் பேரும்.
கூடம் மறுபடி பொரிந்தது.
அதற்குள் அந்த ஒரு விரல் எங்கேயோ
தன் பாட்டுக்கு நடந்தது.
இயக்குநர் இரண்டு கைகளையும்
மடியில் வைத்துக்கொண்டார்.

இரவு விடுதியறையில் பதிவை ஓடவிட்டேன்.
கருத்துகள் இருநூற்றுப் பன்னிரண்டு.
அவற்றில் பொருளற்றவை என
மென்பொருள் கழித்தவை நாற்பத்தொன்று.

கககககககக
இன்று வியாழன் இன்று வியாழன் இன்று வியாழன்
கம்புரொட்டி, காப்பித்தூள், டார்ச்சுக்கு பேட்டரி
லலலல லலல
பையனின் பனிச்சறுக்குக்கு மெழுகு

நடுவே, எழுத்துப் பிழையோடு:
'கணக்கு நோட்டு என் பெட்டியில் இருக்கிறது. கேட்டால் தறுவேன்.'

வாக்கெடுப்பின் சராசரி ஆறு புள்ளி நான்கு.
உடன்பாடு: நடுத்தரம்.
மே மாதம் மூன்றாம் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.
நோட்டை யாராவது கேட்டார்களா,
தெரியாது. அது என் வேலையில்லை.

கையேடு சொன்னபடி
நாற்பத்தொரு வரிகளையும் நீக்கினேன்.
அறிக்கை ஆறு பக்கம், சுத்தமாக வந்தது.

ஊர் திரும்பியதும்
சத்தம் எழுப்பாத விசைப்பலகைகள் பன்னிரண்டு
கேட்டு விண்ணப்பம் போட்டேன்.
காரணம் என்று ஒரு கட்டம்.
'பழையவை தேய்ந்துவிட்டன' என்று எழுதினேன்.
தேயவில்லை.

போகும் வழியில் கடையில் நின்றபோது
என்ன வாங்க வந்தேன் என்பது மறந்து
கூடையில் கிடந்தன
கம்புரொட்டி,
காப்பித்தூள்,
என்னிடம் இல்லாத டார்ச்சுக்கு
இரண்டு பேட்டரிகள்.